பூ வாடுமுன் போய்ச் சேரலாமா?

நேயர்களே! உங்கள் வீட்டில் எத்தனை கடிகாரம் இருக்கிறது? கூடத்துச் சுவரில் ஒன்று என்பீர்கள். மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிற வீடாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்குமே! "இப்போது அங்கே மணி என்ன? எழுந்திருப்பாளா? சாப்பிட்டிருப்பாளா?" என்று அடுப்படியில் நிற்கும்போதும், வாசலில் கோலம் போடும்போதும் மனசுக்குள்ளே ஓடுகிற கடிகாரம் அது.

திண்டுக்கல்லில் எங்கள் எதிர் வீட்டுப் பெரியம்மாவின் மனசிலே அந்தக் கடிகாரம் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் பக்கத்தில் குடித்தனம். இப்போது நிறை மாதம். டாக்டர் தேதி குறித்துச் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி? பாஸ்போர்ட்டு வந்தது, விசாவும் வந்தது. பெரியம்மா அதுவரை ஆகாய விமானத்தைப் பார்த்ததெல்லாம் மொட்டை மாடியில் வடகம் காயப் போடும்போது தலைக்கு மேலே போனதைத்தான்.

ஒருநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, எம் பொண்ணு இருக்கிற ஊரு இங்கேயிருந்து எம்புட்டுத் தூரம்?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பூகோளத்தில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்து, "நேர்கோடாகப் போனால் சுமார் 14,270 கிலோமீட்டர், பெரியம்மா!" என்றேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அது கிடக்கட்டும். காலையிலே நிலக்கோட்டைப் பூ வாங்கித் தொடுத்தேன்னா, அவ தலையிலே வைக்கிற வரைக்கும் வாடாம இருக்குமா?"

என் கர்வம் அங்கேயே வாடிவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்களில் யாராவது அடுத்த மாதமே பெட்டி கட்டப் போகிறவர்களாக இருக்கலாம் அல்லவா?

சாத்துக்குடியும் நூலும்

முதலில் தூரக் கணக்கு. சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தைப் பார்த்தால், ஸான் பிரான்ஸிஸ்கோ போவதற்குக் கிழக்கே நேராகப் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டவேண்டும் என்றுதான் தோன்றும். படம் செய்கிற மோசம் அது! உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் இழுத்துப் பரப்பினால் வடக்கே இருக்கிற தேசங்களெல்லாம் அகன்று போய்விடுகின்றன.

சமையலறையில் ஒரு சாத்துக்குடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு இருக்கும் இடம் வட துருவம். நடு வயிற்றுக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வையுங்கள். அது நம் திண்டுக்கல். பழத்தின் மறு பக்கத்தில், ஏறக்குறைய நேர் பின்புறத்தில், இதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இன்னொரு புள்ளி வையுங்கள். அது ஸான் பிரான்ஸிஸ்கோ. இப்போது பூத்தொடுக்கிற நூலை இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே இறுக்கிப் பிடியுங்கள். நூல் வயிற்றைச் சுற்றிப் போகாது. வழுக்கிக்கொண்டு மேலே ஏறிக் காம்புக்குப் பக்கத்தில்தான் போகும்!

பூமியிலும் அதே கதைதான். பெங்களூரிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு மிகக் குறுகிய கோடு இமயமலையைத் தாண்டி, திபெத்தைக் கடந்து, ஸைபீரியாவின் பனிக்காட்டுக்கு மேலே ஏறி, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. அதன் நீளம் 13,993 கிலோமீட்டர். பூமியைச் சுற்றி வரவே 40,000 கிலோமீட்டர்தான் என்றால், இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏர் இந்தியா முதன் முதலாக நேர் விமானம் விட்டது 2021 ஜனவரியில். அந்த விமானத்தை ஓட்டி வந்தவர்கள் யார் தெரியுமா? பெண்கள்! காப்டன் ஸோயா அகர்வால் தலைமையில், பாபாகரி தன்மயி, ஆகாங்க்ஷா ஸோனாவரே, ஷிவானி மன்ஹாஸ் ஆகிய நால்வர். ஜனவரி 9-ந் தேதி இரவு ஸான் பிரான்ஸிஸ்கோவில் கிளம்பி, வட துருவத்தின் மேலாகப் பறந்து, 11-ந் தேதி அதிகாலையில் பெங்களூரில் இறங்கினார்கள். வழியில் எங்கும் தரை தொடவில்லை. பதினேழு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்திருக்கிறார்கள்.

துருவத்தின் மேலே பறப்பது லேசான காரியமல்ல. காந்த ஊசி அங்கே திசை தெரியாமல் தடுமாறும். அதை நம்ப முடியாது. வெளியே இருக்கிற குளிரில் விமானத்தின் எரிபொருளே உறைந்துவிடாமல் கண்காணிக்க வேண்டும். அவசரத்துக்கு இறங்கலாம் என்றால் பக்கத்தில் பெரிய ஊரும் கிடையாது. பெரியம்மாவிடம் இந்தச் சமாசாரத்தைச் சொன்னேன். "நாலு பொம்பளைப் பிள்ளைங்க அம்புட்டுத் தூரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கு. நான் உட்கார்ந்துக்கிட்டுப் போறதுக்கு என்ன?" என்றார். அன்றைக்குப் பாதி பயம் தெளிந்துவிட்டது.

அன்று போன வழி

நம் ஊரிலிருந்து தூர தேசத்துக்குப் போவது புதிதல்ல. திண்டுக்கல் சுருட்டு கப்பலேறி லண்டன் போன காலம் உண்டு. மனிதர்களும் போனார்கள், பெரும்பாலும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை 'ரஜூலா' கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரப் பிரயாணம். அதற்குப் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்த பிறகு அந்த வழியில் பிரயாணிக் கப்பலே நின்றுவிட்டது.

ஆகாய மார்க்கமும் ஆரம்பத்தில் மனிதர்களுக்காக ஏற்பட்டதல்ல, கடிதங்களுக்காகத்தான். 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாடா ஒரு சிறு விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் பெல்லாரி வழியாக அவற்றைச் சென்னையில் கொண்டுவந்து சேர்த்தார். லண்டனிலிருந்து கராச்சி வரை அதற்கு முன்பே, 1929 முதல், விமானத் தபால் வந்துகொண்டிருந்தது.

1948 ஜூன் 8-ந் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' என்ற விமானம் 35 பிரயாணிகளுடன் பம்பாயிலிருந்து கிளம்பி, கெய்ரோவிலும் ஜினீவாவிலும் இறங்கி இறங்கி, லண்டன் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அது பத்திரிகைகளில் பெரிய செய்தி. இன்றைக்குச் சென்னையிலிருந்து லண்டனுக்கு 8,230 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் சுமார் பத்தரை, பதினொரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். 'ரஜூலா'வில் ஒரு வாரம் பிடித்த சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர்.

வீட்டிலேயே போடக்கூடிய ஒரு மனக்கணக்கு சொல்கிறேன். ஆகாயத் தூரத்தை 850-ஆல் வகுங்கள். வருகிற விடையோடு ஏறி இறங்குவதற்கு அரை மணி சேருங்கள். அதுவே ஏறக்குறைய பறக்கிற நேரம். முன்னே பின்னே இருக்குமா என்றால், இருக்கும். உயரத்தில் மேற்கேயிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. கிழக்கே போகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும்; மேற்கே போகிறதை எதிர்த்து நிறுத்தும். ஆகையால்தான் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆகிறது.

பூவின் கணக்கு

பறக்கிற நேரம் தெரிந்துவிட்டது. பெரியம்மாவின் பூ? அதற்கு நான் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் மல்லிகை பறிக்கிறவர்கள் விடியற்காலை இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அப்போது அது மொட்டு. அன்று இரவுக்குள் மலர்ந்துவிடும். மறுநாள் நிறம் மாறி வாடும். ஆகவே பூ வியாபாரிக்குத் தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை, மணிக்கணக்கில்தான் இருக்கிறது. ஊரிலேயே விற்கிற பூவுக்கு அவசரம் இல்லை. சிங்கப்பூர் ஸெரங்கூன் ரோட்டுக்குப் போகிற பூவென்றால், பறிப்பது, மூட்டை கட்டுவது, பெட்டியில் குளிர் வைப்பது, விமான நிலையம் சேர்ப்பது, அங்கே சுங்கம் பார்ப்பது, இறக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் கணக்கிட்டாக வேண்டும். "விமானம் நாலு மணி நேரம்தானே!" என்று மட்டும் கணக்குப் போட்டவன் நஷ்டப்படுவான்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெரியம்மாவிடம் நான் போட்ட கணக்கும் இப்படித்தானே இருந்தது? பிரயாணம் விமானத்தின் கதவிலா ஆரம்பிக்கிறது? நம் வீட்டு வாசலில் ஆரம்பித்து மகள் வீட்டு வாசலில் அல்லவா முடிகிறது!

வாசலிலிருந்து வாசலுக்கு

திண்டுக்கல்லில் ரயில் ஜங்ஷன் உண்டு. விமான நிலையம் கிடையாது. மதுரை விமான நிலையம் ஒன்றேகால் மணிப் பயணம். திருச்சி சுமார் 100 கிலோமீட்டர், இரண்டு மணி. கோயமுத்தூர் மூன்று மணிக்கு மேல். பெங்களூர் போக இரவு தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கலாம்.

நானும் பெரியம்மாவும் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வழிகளுக்குக் கணக்கு எழுதினோம்.

முதல் வழி, பெங்களூரிலிருந்து நேர் விமானம். அது கிடைக்கிற நாளில், பகல் இரண்டரை மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் அரை மணி. ரயில் பத்து மணி. காலை ஏழு மணிக்குப் பெங்களூரில் இறங்கி, ஊருக்கு வெளியே தேவனஹள்ளிப் பக்கம் இருக்கிற விமான நிலையம் போய், சோதனையெல்லாம் முடித்துக் காத்திருப்பது ஏழரை மணி. பறப்பது பதினாறு மணி. அங்கே இறங்கிக் குடியேற்ற அதிகாரி, சுங்கம் எல்லாம் கடந்து வெளியே வர இரண்டு மணி. காரில் மகள் வீடு ஒரு மணி. மொத்தம் முப்பத்தேழு மணி.

இரண்டாவது வழி, திருச்சியிலிருந்து சிங்கப்பூர். அங்கே மாறி ஸான் பிரான்ஸிஸ்கோ. கார் இரண்டு மணி, முன்கூட்டிப் போய்க் காத்திருப்பது மூன்று மணி, சிங்கப்பூருக்கு நாலேகால் மணி, அங்கே இடைவேளை நாலு மணி, மறு விமானம் சுமார் பதினைந்து மணி, இறங்கி வெளியே வர இரண்டு, வீடு ஒன்று. கூட்டினால் முப்பத்தொன்றேகால் மணி!

பாருங்கள் வேடிக்கையை! ஆகாயத் தூரத்தில் இரண்டாவது வழி 16,570 கிலோமீட்டர். நேர் வழியைவிட இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அதிகம். ஆனால் திண்டுக்கல்காரருக்கு அதுதான் சீக்கிரம். பெங்களூரில் குடியிருப்பவருக்கோ நேர் வழியே சீக்கிரம். வழியில் குறுகியது எது என்பது உங்கள் வீட்டு வாசலைப் பொறுத்தது.

இந்த எண்கள் எல்லா நாளைக்கும் பொருந்தும் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். விமானக் கம்பெனிகள் லாப நஷ்டம் பார்த்து ஒரு வழியை ஆரம்பிக்கும், பிறகு நிறுத்தும். அரசாங்கங்களும் தங்கள் ஆகாயத்தை மூடித் திறக்கும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து மேற்கே போகிறவை சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது. டிக்கெட்டு வாங்குகிற அன்று எது ஓடுகிறதோ அதை வைத்து, மேலே சொன்ன முறையில் நீங்களே கூட்டிப் பாருங்கள். காகிதம், பென்ஸில், பத்து நிமிஷம் போதும்.

மாறிப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டு வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் கேட்பார் இல்லை. பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம். அதற்காக அந்த ஊருக்குள் நுழைய விசாவும் கேட்பார்கள். இடைவேளை ஒரு மணிதான் என்றால் பெருமைப்படாதீர்கள். முதல் முறை போகிற வயதானவர்களுக்கு மூன்று, நாலு மணி இருப்பதே நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை எங்கே?

டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஏமாறாமல் இருக்கவும் தெரிய வேண்டும். பெங்களூரில் திங்கட்கிழமை பகல் 2.30-க்குப் புறப்பாடு, ஸான் பிரான்ஸிஸ்கோவில் திங்கட்கிழமை மாலை 5-க்கு வருகை என்று போட்டிருக்கும். "அட, இரண்டரை மணி நேரம்தானா!" என்று தோன்றும். புறப்பாடு நம் ஊர்க் கடிகாரம். வருகை அந்த ஊர்க் கடிகாரம். அங்கே குளிர்காலத்தில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். மார்ச்சு மாதம் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அப்போது வித்தியாசம் பன்னிரண்டரை மணி. மாலை 5 மணியோடு பதின்மூன்றரையைக் கூட்டினால் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை 6.30. இப்போது கழித்துப் பாருங்கள்: பதினாறு மணி!

திரும்பி வரும்போது நேர் எதிர். அந்த நாலு பெண்கள் ஓட்டி வந்த விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பியது சனிக்கிழமை இரவு. இறங்கியது திங்கட்கிழமை அதிகாலை. அதிலிருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்திலேயே கரைந்துவிட்டது. விரத நாள், திவச நாள் பார்க்கிறவர்கள் இதைக் கவனித்துத்தான் திரும்புகிற தேதியை வைக்க வேண்டும்.

உடம்புக்கும் இது தெரிய நாளாகும். நமக்குப் பகல் அங்கே இரவு. நடு ராத்திரியில் பசிக்கும். மத்தியானம் கண்ணைச் சுழற்றும். பழகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். பிரசவத்துக்குத் துணையாகப் போகிறவர்கள் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய் இறங்கிப் பிரயோசனம் இல்லை. பிள்ளை பெற்றவளைக் கவனிக்க வந்தவளையே மற்றவர்கள் கவனிக்க வேண்டி வரும்! இரண்டு மூன்று வாரமாவது முன்னால் போய்விடுங்கள். பிள்ளைகள் நாம் குறித்த தேதிக்குக் காத்திருந்து பிறப்பதில்லையே!

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

2023 ஜூனில் டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் ஒன்று என்ஜின் கோளாறினால் வழியில் இறங்க நேர்ந்தது. எங்கே தெரியுமா? ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் மகதான் என்ற ஊரில். 216 பிரயாணிகள். ஒருவருக்கும் ஆபத்தில்லை, மாற்று விமானம் போய் எல்லாரையும் கொண்டு சேர்த்தது. ஆனாலும் அறிமுகமே இல்லாத ஊரில் தங்கவேண்டி வந்தது. சாத்துக்குடி மேல் நூல் போன வழியில் மகதானும் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அதைப் பெட்டியில் போடாதீர்கள். பிரயாண நாட்களுக்கு மேலும் மூன்று நாளைக்கு வேண்டியதைக் கைப்பையில் வையுங்கள். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். நேரம் மாறுவதால் எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஸுலின் போடுகிறவர்களுக்கு இது மிக மிக அவசியம்.

பதினைந்து மணி நேரம் காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டி ஏற்படலாம். இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து நடையில் உலாவுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்ற கூச்சத்தில் நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அது தப்பு. ஓர இருக்கையாகக் கேட்டு வாங்கினால் கூச்சமும் இராது.

முழங்கால் வலிக்காரர்கள் டிக்கெட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தனிக் கட்டணம் இல்லை. உள்ளே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பது மலைக்கோட்டை ஏறி இறங்குவது போல இருக்கும். தள்ளிக்கொண்டு போகிறவரே வழியும் காட்டுவார். பாஷை தெரியாதவர்களுக்கு இதைவிட உபகாரம் இல்லை. மகளின் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக மனசு வருமா? பிரசவ லேகியம், சுக்கு, மிளகு, பொடி வகைகளை நன்றாகக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். நூறு மில்லிக்கு மேற்பட்ட எண்ணெயோ ஊறுகாயோ கைப்பையில் வரக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி இவற்றை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். சிறுமலை வாழைப்பழத்தைப் புடவைக்குள் சுற்றி ஒளித்து எடுத்துப் போகிற யோசனை வேண்டாம்! "தின்பண்டம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் உண்டு என்று உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், மறைத்தால்தான் அபராதம்.

பூவுக்குப் பதில்

எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு பெரியம்மாவிடம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்: "முப்பத்தொரு மணி நேரம், பெரியம்மா. பூ தாங்காது. சிங்கப்பூர் வரைக்கும் என்றால் மலர்ந்த பூவாகவே கொண்டு போயிருக்கலாம்."

"அப்ப பூ வேண்டாம். நான் வாடாம போய்ச் சேர்ந்தாப் போதும்" என்றார்.

கணக்குப் பார்த்தபடியே டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகத் திருச்சி வழியாகக் கிளம்பினார். வாசலில் கார் நின்றது. கோட்டை மாரியம்மன் குங்குமத்தைக் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் சொல்லிக் கொடுத்தபடியே மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தைத் திருகாமல் நம் ஊர் நேரத்திலேயே விட்டிருந்தார், மாத்திரைக் கணக்குத் தப்பாமல் இருப்பதற்காக.

மூன்றாம் நாள் டெலிபோன் வந்தது. நான் எடுத்த எடுப்பில் கேட்டது, "பெரியம்மா, மொத்தம் எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்பதுதான். என் கணக்கு சரியாக வந்ததா என்ற ஆவல் எனக்கு.

"முப்பத்திரண்டரை ஆச்சு தம்பி. சுங்கத்திலே பொடி டப்பாவையெல்லாம் ஒண்ணொண்ணா மோந்து பார்த்தாங்க" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிள்ளையைப் பார்க்காம மூணு வருஷம் இருந்தேனே. அதுக்கு இது ஒரு தூரமா?" என்றார்.

நேயர்களே, உங்கள் மனசிலும் ஒரு இரண்டாவது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்து வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள். போகிற நாள் எப்போது வந்தாலும் வரட்டும். 'எங்கேயோ இருக்கிறாள்' என்று ஏங்குகிற மனசுக்கு, 'முப்பத்தொரு மணி நேரத்தில் இருக்கிறாள்' என்று தெரிவதே பாதி ஆறுதல்.